ஈயம் பூசினால் பாத்திரம் புதிது
(சங்கத்தின் ஆண்டு விழாவில் படிப்பகக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா மேடை இலக்கியத்திற்கும் இசைக்கும் உரியது. அம்மேடையில் பழைய கணிப்பொறிகளைப் பற்றிப் பேசுமாறு செயற்குழுவினர் எங்களைப் பணித்திருக்கின்றனர். அதற்குத் தக்க காரணம் உண்டு. சென்ற ஆண்டு இத்தலைநகரில் உள்ள ஓர் அலுவலகம் தனக்கு வேண்டாதவை எனக் கழித்துவிட்ட 11 கணிப்பொறிகளை நம் சங்கத்திற்கு அளித்தது. அவற்றை எடைக்குப் போட்டுவிட்டு, வரும் பணத்தில் படிப்பகத்திற்கு நாற்காலிகள் வாங்கலாம் என்று சிலர் கருதினர். செப்பனிட்டு மாலை வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்று வேறு சிலர் கருதினர். இரண்டாவது கருத்தே ஏற்கப்பட்டது. அப்பணி எங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. ஓராண்டு உழைத்துக் கண்டதை உங்கள்முன் வைப்பது எங்கள் கடமையாகும்.

மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகள் யார் என்பதை நீங்கள் அறிவீர்கள். சேலம், விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பகுதிகளிலிருந்து பிழைப்பு நாடி வந்து, வீட்டு வேலையும் வண்டி ஓட்டும் வேலையும் செய்து வாழும் குடும்பங்களின் மக்கள் அவர்கள். வீட்டில் இருப்பது ஒரே கைப்பேசி. அதுவும் காலையில் தந்தையாரோடு வேலைக்குப் புறப்பட்டுவிடும். கல்லூரியில் சேர விண்ணப்பம், உதவித்தொகைக்கு விண்ணப்பம், தேர்வுக்குக் கட்டணம் ஆகிய அனைத்தும் இன்று கணிப்பொறி வழியாகவே நடைபெறுகின்றன. நான்கு பக்கக் கட்டுரை ஒன்றைத் தட்டெழுதிக் கொடுக்க வேண்டுமென்றால் அவர்கள் காசு கொடுத்துக் கடைக்குப் போக வேண்டும். எனவே இந்தப் 11 இயந்திரங்களின் கதி, அந்தப் பிள்ளைகளின் கல்வியோடு பிணைந்த ஒன்றாயிற்று.

முதலில் எங்களை எதிர்கொண்ட கேள்வி இதுதான்: ஒரு கணிப்பொறி ‘பழையது’ ஆவது எப்படி? அதற்கு முதுமை என்று தீர்ப்பு அளிப்பவர் யார்?

தேய்ந்துபோகும் உறுப்புகள் கணிப்பொறியில் உண்டு. சுழலும் விசிறியில் தூசு படியும். ஹார்ட் டிஸ்க் என்னும் சேமிப்புத் தட்டு ஓடி ஓடி ஓய்ந்துபோகும். மடிக்கணிப்பொறியின் பேட்டரி வலுவிழக்கும். நாளையும் நேரத்தையும் நினைவில் வைக்கும் காசளவு மின்கலம் தீர்ந்துபோகும். இவை எல்லாம் மாற்றத்தக்கவை. ஆனால் இயந்திரத்தின் மூளையாகிய செயலி சிலிக்கனால் ஆனது. அதில் அசையும் பாகம் ஏதும் இல்லை. பத்தாண்டுக்கு முன் எத்துணை வேகத்தில் கணக்கிட்டதோ, தக்கபடி குளிர்வித்து வந்தால் அதே வேகத்தில்தான் இன்றும் கணக்கிடுகிறது. அங்ஙனமாயின் முதுமை எங்கிருந்து வந்தது?

ஓர் எடுத்துக்காட்டைக் கூறுவோம். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கு வழங்கிவந்த பாதுகாப்புத் திருத்தங்களை 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு நிறுத்திக்கொண்டது. பதிவு செய்துகொண்ட வீட்டுப் பயனாளருக்கு 2026 அக்டோபர் வரை தவணை நீட்டிப்பு ஒன்றும் அறிவித்தது. விண்டோஸ் 11-க்கு மாறலாமே என்றால், அது 4 ஜிபி நினைவகமும் 64 ஜிபி சேமிப்பிடமும் கேட்பதோடு நிற்பதில்லை, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லையும், அந்நிறுவனத்தின் பட்டியலில் இடம்பெற்ற செயலியையும் கேட்கிறது. இன்டெல் செயலிகளில் பெரும்பாலும் 2017-இல் வெளிவந்த எட்டாம் தலைமுறை முதற்கொண்டே அப்பட்டியலில் இடம்பெறுகின்றன. எனவே 2016-இல் வாங்கிய, ஒரு குறையும் இல்லாத நல்ல கணிப்பொறி ஒன்று, ஒரு குறித்த நாளில் ‘பழையது’ ஆகிவிட்டது. அதற்கு முந்திய நாள் மாலைவரை செய்துவந்த வேலையை அது மறந்துவிடவில்லை. அதைப் பேணிவந்த கை விலகிக்கொண்டது, அவ்வளவே.

நம் பாட்டிமார் புழங்கிய பித்தளைப் பாத்திரங்களை இங்கே நினைவுகூர வேண்டும். உள்ளே பூசிய ஈயம் தேய்ந்துவிட்டால் அப்பாத்திரத்தில் புளி கரைத்து வைத்தல் ஆகாது, களிம்பு ஏறும், உண்டவர் உடலுக்குத் தீங்கு விளையும். அதற்காகப் பாத்திரத்தைத் தெருவில் எறிந்தவர் உண்டோ? ஈயம் பூசுபவர் வருவார். திண்ணையோரம் உலை மூட்டுவார். அரை மணியில் பாத்திரம் வெள்ளிபோல் மின்னும். இந்நகரிலும் ‘கலாயிவாலா’ என்று கூவிக்கொண்டு அவர்கள் வருவதைப் பழைய குடியிருப்புகளில் வாழ்ந்தோர் அறிவர். கணிப்பொறிக்கு இயங்குதளம் என்பது ஏறக்குறைய இந்த ஈயப் பூச்சைப் போன்றது. திருத்தங்கள் நின்றுபோன இயங்குதளத்தை வைத்துக்கொண்டு வங்கிக் கணக்கைத் திறப்பது, ஈயம் போன பாத்திரத்தில் புளிக்குழம்பு வைப்பதாகும். ஆகவே ‘எப்படியும் ஓடுகிறதே’ என்று வாளா இருத்தலும் தவறு. பாத்திரத்தையே எறிதலும் தவறு. மறுபடி ஈயம் பூசுதலே முறை. நாங்கள் பூசிய ஈயம், யூனிக்ஸ் மரபில் வந்த லினக்ஸ்.

இம்மரபின் தோற்றத்தை அறிந்தோர், பழைய இயந்திரத்துக்கும் அதற்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று என்பதை உணர்வர். அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிக் கூடத்தார், மல்ட்டிக்ஸ் என்ற மாபெரும் இயங்குதளத் திட்டத்தில் பங்கு கொண்டிருந்து, 1969-இல் அதினின்றும் விலகினர். அத்திட்டத்தில் உழைத்த கென் தாம்ப்ஸன் என்பார்க்குத் தம் கருத்துகளைச் சோதித்துப் பார்க்க ஒரு கணிப்பொறி தேவைப்பட்டது. புதிய இயந்திரம் வாங்கித் தர மேலிடத்தார் இசையவில்லை. அந்நிலையில் அதிகம் பயன்படாமல் ஒரு மூலையில் கிடந்த பி.டி.பி. 7 என்னும் சிறிய இயந்திரம் அவர் கண்ணில் பட்டது. அதன் நினைவகம், 18 பிட் கொண்ட 8,192 சொற்கள். இன்றைய அளவையில் சொன்னால் வெறும் 18 கிலோபைட். அந்த இயந்திரத்தின்மீதுதான் அவரும் டென்னிஸ் ரிட்சி முதலான தோழர்களும் யூனிக்ஸை எழுப்பினர். எங்களிடம் வந்த கணிப்பொறிகளில் 2 ஜிபி நினைவகம் கொண்டவற்றை ‘உதவாது’ என்று தள்ளினார்கள், அது பி.டி.பி. 7-இன் நினைவகத்தைப்போல் ஒரு லட்சம் மடங்குக்கும் மேற்பட்டது!

இடம் குறைந்த வீட்டில் வாழ்பவர் பொருள்களைச் சிக்கனமாக அடுக்கப் பழகுவர் அல்லவா? அதுபோல் யூனிக்ஸை ஆக்கியோரும் ஒரு வேலைக்கு ஒரு சிறு கருவி, அதைச் செம்மையாகச் செய்யும் கருவி, அக்கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் வழி என்று ஒரு நெறியை வகுத்துக்கொண்டனர். 1973-இல் அதன் பெரும்பகுதியை ஸி என்னும் மொழியில் திருத்தி எழுதினர். அதன் பயனாக யூனிக்ஸ் ஒரே வகை இயந்திரத்தோடு கட்டுண்டு கிடவாமல், இயந்திரம் விட்டு இயந்திரம் குடிபெயரும் ஆற்றல் பெற்றது. ஊர்விட்டு ஊர் வந்து வேரூன்றிய நமக்கு இதன் அருமையை விளக்க வேண்டுவதில்லை.

பின்னர் வந்த வரலாற்றைச் சுருக்கிச் சொல்வோம். 1983-இல் ரிச்சர்டு ஸ்டால்மன், யூனிக்ஸை ஒத்ததும் யாவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமை உள்ளதுமான க்னூ என்னும் தொகுதியை ஆக்கப்போவதாக அறிவித்தார். 1987-இல் ஆண்ட்ரூ டானன்பாம், மாணவர் கற்பதற்கென மினிக்ஸை வெளியிட்டார். 1991-இல் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரில் மாணவராயிருந்த லைனஸ் டோர்வால்ட்ஸ், தம் 386 கணிப்பொறியில் லினக்ஸ் கருவை எழுதினார். 1992-இல் அதைப் பொது உரிமத்தின்கீழ் விடுவித்தார். கருவும் க்னூ கருவிகளும் கூடிய முழுத் தொகுதிகள் பல எழுந்தன. 1993-இல் தொடங்கிய டெபியன் அவற்றுள் ஒன்று. நம் நாட்டில் சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் 2007-இல் ‘பாஸ்’ என்ற பெயரில் ஒரு தொகுதியை வெளியிட்டது. கேரளத்து அரசுப் பள்ளிகளின் கணிப்பொறிக் கூடங்கள் பல ஆண்டுகளாக லினக்ஸ் கொண்டே நடைபெறுகின்றன. எனவே நாங்கள் சென்ற வழி, பலர் நடந்து பதமான வழியேயாகும்.

இனி, செய்த முறையைக் கூறுவோம். உங்கள் இல்லங்களிலும் இப்படிப்பட்ட இயந்திரம் ஒன்று பரண்மேல் இருக்கக்கூடும்; ஆதலின் இப்பகுதியைச் சற்று விரித்தே சொல்லுகிறோம்.

முதற்பணி, நோயாளியின் நாடி பார்த்தல். பெட்டியைத் திறந்து தூசு துடைத்தோம். உப்பிய பேட்டரி கண்ட இடத்து, அதை அழுத்தாமலும் குத்தாமலும் கழற்றித் தனியே வைத்தோம். அது தீப்பற்றக் கூடியது. செயலிக்கும் அதன் குளிர்விப்பானுக்கும் இடையே காய்ந்துபோயிருந்த பசையைத் துடைத்துப் புதிதாக இட்டோம். நினைவகத்தை மெம்டெஸ்ட் என்னும் சோதனையில் ஓரிரவு முழுதும் ஓடவிட்டோம். ஹார்ட் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்திருக்கும். அக்குறிப்பைப் படித்தாலே அதன் ஆயுள் ஓரளவு தெரிந்துவிடும்.

இரண்டாவது பணி, பழைய கோப்புகளை அழித்தல். இது நாணயத்தைச் சார்ந்தது. அலுவலகத்தார் எந்தக் கோப்பையும் நீக்காமலே இயந்திரங்களை அனுப்பியிருந்தனர். கோப்பைக் குப்பைத் தொட்டியில் இடுவதால் அது அழிந்துபடாது. தட்டின்மேல் வேறு எழுத்து எழுதப்படும்வரை அது அங்கேயே கிடக்கும். எனவே ஒவ்வொரு தட்டையும் முதலிலிருந்து கடைசிவரை மேலெழுதி அழித்த பின்னரே அடுத்த வேலையைத் தொடங்கினோம். உங்கள் வீட்டு இயந்திரமாயின், இதற்குமுன் உங்கள் புகைப்படங்களையும் ஆவணங்களையும் வேறிடத்தில் இரு படிகளாக எடுத்து வையுங்கள். எடுத்த படி திறக்கிறதா என்றும் பாருங்கள்.

மூன்றாவது பணி, இயந்திரத்துக்கேற்ற தொகுதியைத் தேர்தல். 4 ஜிபி நினைவகம் உள்ளவற்றிற்கு லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்.எஃப்.ஸி.ஈ. வடிவம். 2 ஜிபி உள்ளவற்றிற்கு டெபியனும் அதன்மேல் இலேசான ஒரு திரைச் சூழலும். 2009-இல் செய்த சிறிய மடிக்கணிப்பொறி ஒன்றும் எங்கள் கைக்கு வந்தது. 1 ஜிபி நினைவகம், 32 பிட் செயலி. அதற்கு ஆன்ட்டிஎக்ஸ். ஆளுக்கேற்ற சட்டை தைப்பது போன்றதே இதுவும். யூனிக்ஸ் மரபில் கரு வேறு, திரைச் சூழல் வேறு, செயலிகள் வேறு என்று பிரிந்து நிற்பதால்தான் கனமானதைக் கழற்றிவிட்டு இலேசானதைப் பூட்ட முடிகிறது.

நான்காவது பணி, நிறுவுதல். தொகுதியை அதன் உரிய தளத்திலிருந்தே இறக்கினோம். இறக்கியது பழுதின்றி வந்ததா என்பதை அதனுடன் வெளியிடப்படும் சரிபார்ப்பு எண்ணோடு ஒத்துப் பார்த்தோம். 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் அதை எழுதி, இயந்திரம் விழிக்கும்போதே எஃப்12 போன்ற உரிய விசையை அழுத்தி, அப்பென் டிரைவிலிருந்து எழுப்பினோம். இங்கே ஒரு நல்ல வசதி உண்டு: இத்தொகுதிகளிற் பல, தட்டில் ஒன்றையும் எழுதாமலே பென் டிரைவிலிருந்து ஓடிக் காட்டும். திரை சரியாகத் தெரிகிறதா, ஒலி கேட்கிறதா, வைஃபை பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு நிறுவலாம். பெண் பார்த்துவிட்டு நிச்சயம் செய்வது போலத்தான். நிறுவுதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆயிற்று. எல்லாவற்றினும் மிக்க பயன் தந்த ஒரு செலவைச் சொல்ல வேண்டும்: சுழலும் ஹார்ட் டிஸ்கை நீக்கி எஸ்.எஸ்.டி. பொருத்தியதுதான் அது. நடந்து வந்த இயந்திரம் ஓடத் தொடங்கியது.

இவ்வாறு செய்ததில் 11-இல் 8 உயிர்பெற்றன. இரண்டைப் பிரித்து, அவற்றின் நினைவகத்தையும் விசிறிகளையும் மற்றவற்றிற்கு உறுப்புத் தானம் செய்தோம். தாய்ப்பலகை எரிந்துபோன ஒன்றையும், மிஞ்சிய உதிரிகளையும், பதிவு பெற்ற மறுசுழற்சி நிலையத்தில் ஒப்படைத்தோம்.

நிற்க. இதன் எல்லைகளையும் ஒளியாமல் சொல்ல வேண்டும். மருத்துவன் மருந்தின் குணத்தை மட்டும் கூறிப் பத்தியத்தை மறைத்தால் நம்பத் தகான். இலேசான இயங்குதளம் இருந்தும் இன்றைய இணையப் பக்கங்கள் கனமானவை. 2 ஜிபி இயந்திரத்தில் ஒரே நேரத்தில் பத்துப் பக்கங்களைத் திறந்தால் அது திணறும். நினைவகத்தில் உள்ளதைச் சுருக்கி வைக்கும் ஸீராம் என்னும் உத்தி ஓரளவு கைகொடுக்கிறது; முற்றிலும் அன்று. விண்டோஸுக்கென்றே எழுதிய சில கணக்குச் செயலிகளும், கையொப்பக் கருவிகளும் இதில் ஓடா. தொழிலுக்கு அவை இன்றியமையாதோர் முன்னரே விசாரித்துக்கொள்ள வேண்டும். பழங்காலப் பெண்டியம் 4 இயந்திரங்களை எழுப்புதல் இயலும். ஆயினும் அவை உண்ணும் மின்சாரத்தை எண்ணினால் அது சிக்கனமாகாது.

லினக்ஸ் உலகமும் பழமையை என்றென்றும் சுமப்பதில்லை. டோர்வால்ட்ஸ் எந்த 386 வகை இயந்திரத்தில் லினக்ஸை எழுதினாரோ, அதே வகைக்கான ஆதரவு 2012 டிசம்பரில் லினக்ஸ் கருவிலிருந்து நீக்கப்பட்டது. 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13, 32 பிட் கணிப்பொறிகளில் புதிதாக நிறுவும் வசதியைக் கைவிட்டது. அப்படியானால் வேறுபாடு என்ன என்று கேட்கலாம். வேறுபாடு பெரிது. 386 வந்தது 1985-இல்; அது கைவிடப்பட்டபோது ஏறக்குறைய 27 ஆண்டு அகவை கண்டிருந்தது. அன்றியும், மூல வரைவு யாவர்க்கும் திறந்திருத்தலால், ஒருவர் கைவிட்டதை மற்றொருவர் எடுத்து வளர்க்கத் தடையில்லை. ஆன்ட்டிஎக்ஸ் போன்றவை 32 பிட் இயந்திரங்களை இன்றும் தாங்கி நிற்பது அவ்வுரிமையால்தான். முதுமைத் தீர்ப்பு ஒரே ஒருவர் கையில் இல்லாமை என்பதே இம்மரபு நமக்குத் தரும் பேறு.

தமிழ்ச் சங்கத்தில் பேசுகிறோம். தமிழைப் பற்றிச் சொல்லாமல் முடிக்கலாகாது. டெபியனை நிறுவும்போதே மொழி எது என்று அது கேட்கிறது. பட்டியலில் தமிழும் இருக்கிறது. லிப்ரெஆபீஸ் செயலியின் பட்டிகளைத் தமிழிலேயே காணலாம். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் பயனாக வந்த தமிழ்99 விசைப்பலகையும் இதில் உண்டு. பழைய தமிழ்த் தட்டச்சு இயந்திரத்தின் எழுத்து வரிசையும் உண்டு. இளமையில் தட்டச்சு பயின்று, இங்கே அரசுப் பணியில் ஓய்வு பெற்ற நம் மூத்த உறுப்பினர்கள், ஒருநாளும் புதிதாகப் பயிலாமல் அமர்ந்த மாத்திரத்தில் தமிழில் எழுதலாயினர். அவர்களே இப்போது பிள்ளைகளுக்கு ஆசிரியர்கள். இந்தியும் ஆங்கிலமும் பள்ளியில் கற்று, தமிழைச் செவிவழி மட்டும் அறிந்த பிள்ளைகள், பாட்டிக்குத் தமிழில் கடிதம் தட்டெழுதுவதை மாலை வேளையில் வந்து பாருங்கள்.

எடைக்குப் போடுதலைப் பற்றியும் ஒரு சொல். யானைக்குத்தான் இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன். கணிப்பொறிக்கு அந்தப் பேறு இல்லை. இறந்த கணிப்பொறியின் விலை சில நூறு ரூபாய். அது போகும் இடமோ கொடியது. ஐக்கிய நாடுகள் அமைப்பின் துணையோடு 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-ஆம் ஆண்டில் உலகில் உண்டான மின்னணுக் கழிவு 6 கோடியே 20 லட்சம் டன். முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 விழுக்காடே. யமுனைக்கு அப்பால் உள்ள சீலம்பூர்ச் சந்துகளுக்கு இந்நகரின் கழிவும் பிற ஊர்களின் கழிவும் வந்து குவிகின்றன. செம்புக்காகக் கம்பிகளைக் கொளுத்துவதும், பலகைகளை வெறுங்கையால் பிரிப்பதும் அமிலத்தில் இடுவதும் இத்தொழிலில் நடப்பவை. ஈயமும் நச்சுப் புகையும் ஏறுவது அங்கே உழைக்கும் ஏழைகளின் உடலில். நாம் கண்மறைவாக எறியும் பொருள் யாரோ ஒருவர் கைக்குள்தான் போய் விழுகிறது.

‘ஏழைப் பிள்ளைகளுக்குப் பிறர் கழித்ததைக் கொடுப்பதா?’ என்று ஒரு பெரியவர் எங்களைக் கேட்டார். நேரிய கேள்வி, அதற்கு நேரிய விடை வேண்டும். தாம் உண்ண மாட்டாத சோற்றைப் பிறர்க்கு இடுதல் அறமாகாது. ஆகவே நாங்கள் ஒரு விதி வகுத்தோம்: நாம் பயன்படுத்தத் தயங்கும் இயந்திரத்தைப் பிள்ளைகளுக்குத் தருவதில்லை. உயிர்பெற்ற எட்டில் ஒன்று சங்க அலுவலகத்தில் இருக்கிறது. நம் வரவு செலவுக் கணக்கு அதில்தான் எழுதப்படுகிறது. உங்களுக்கு வந்த இவ்விழா அழைப்பிதழும் அதில்தான் அமைக்கப்பட்டது. மற்ற ஏழும் படிப்பகத்தில் பிள்ளைகளுக்கு உரியவை. இவ்விதியைத் தொடர்ந்து காப்பது சங்கத்தின் கடமையென்று கருதுகிறோம். புதிய கணிப்பொறிகள் வாங்கும் வசதி வரும்போது, அவையும் முதலில் பிள்ளைகள் மேசைக்கே செல்ல வேண்டும்.

இறுதியாக மூன்று வேண்டுகோள்கள். உங்கள் வீட்டிலோ அலுவலகத்திலோ கழிக்கப்படும் கணிப்பொறி இருப்பின், எடைக்குப் போடுமுன் எங்களுக்குச் சொல்லுங்கள். இயந்திரம் இல்லாதோர் நேரம் தாருங்கள். ஞாயிறுதோறும் பிற்பகலில் ஒரு திருப்புளியோடு வந்தால் போதும், தொழில் நாங்கள் கற்றுத் தருகிறோம். பணம் தர எண்ணுவோர் எஸ்.எஸ்.டி.யாகவும் நினைவகச் சில்லாகவும் தாருங்கள்.

பொருளைப் பேணிப் புழங்குதல் நம் முன்னோர் கஞ்சத்தனத்தால் செய்ததன்று. அப்பொருளில் அடங்கிய உழைப்பை மதித்ததால் செய்தது. பாத்திரம் நன்றாக இருக்கும்வரை ஈயம் பூசிக்கொண்டே இருப்போம்.